அப்பாவின் தோட்ட நோட்டுகளுக்காக வீட்டில் ஒரு சாட்பாட் சர்வர்

காவேரிப்பட்டணத்தை அடுத்து எங்களுக்கு நான்கரை ஏக்கர் மாந்தோட்டம் இருக்கிறது. பெரும்பகுதி பெங்களூரா என்று இந்தப் பக்கம் வழங்கும் தோத்தாபுரி. வேலியோரமாகச் செந்தூராவும் நீலமும் நாலைந்து மல்கோவா மரங்களும் நிற்கின்றன. 2003 சித்திரையிலிருந்து அப்பா அந்தத் தோட்டத்துக்கென்று தனியாக நோட்டு எழுதி வருகிறார். வருடத்துக்கு ஒரு நோட்டு. அட்டையில் தமிழ் வருடத்தின் பெயர், உள்ளே தமிழ் மாதமும் தேதியும். சுபானு முதல் குரோதி வரை 22 நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. எந்த மரத்தில் எப்போது மொட்டு தெரிந்தது, எந்த நாளில் மருந்து அடித்தது, யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தது, குத்தகைக்காரர் எந்தத் தவணையில் பாக்கி வைத்தது, கிணற்றில் எத்தனை படிக்குத் தண்ணீர் நின்றது என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன.

அப்பாவுக்கு இப்போது 73 வயது. கண் புரை அறுவைக்குப் பிறகும் எழுதுவதில் அவருக்குச் சிரமமில்லை. பழைய பக்கங்களைப் புரட்டித் தேடுவதுதான் ஆகவில்லை. 2024 ஜனவரியில் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு, “பூ எடுத்த அப்புறம் மழை புடிச்சி எல்லாம் கொட்டிப்போயி மறுபடி பூத்துச்சே, அது எந்த வருசம் கண்ணு?” என்று கேட்டார். அந்த வருடமும் பூ எடுத்திருந்த நேரத்தில் வானம் மூடியிருந்தது. முன்பு அவர் என்ன செய்தார், அதனால் காய்ப்பு எப்படி இருந்தது என்பது அவருக்கு உடனே தெரிய வேண்டியிருந்தது. நானும் பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த அக்காவும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து புரட்டி, 11-ஆவது நோட்டில், விஜய வருடம் தை 8 என்ற பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தோம். அதற்குள் அப்பா தம் நினைவை நம்பி ஒரு முடிவு எடுத்துவிட்டிருந்தார்.

நோட்டுகளைத் தட்டச்சு செய்து, கேட்டால் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் அப்போது வந்தது. ஆனால், இணையத்தில் கிடைக்கும் சேவை எதிலும் அவற்றை ஏற்ற அப்பா சம்மதிக்கவில்லை. கூலி வாங்கியவர்களின் பெயர்கள், கடன் கொடுத்தவர்களின் பெயர்கள், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குக் கொடுத்துத் திரும்ப வாங்காத பணம் என்று அவற்றில் இருப்பவை எங்களுடைய செய்திகள் மட்டும் அல்ல. அவர் சொன்னது சரி. எனவே மொழி மாதிரி (சாட்பாட்டுக்குள் இருந்து பதிலை எழுதும் பகுதி), நோட்டு, கேள்வி, பதில் எல்லாமே எங்கள் வீட்டுப் பின்னறையில் ராகி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பராமரிப்பு வேலை பார்ப்பதால் சர்வரும் நெட்வொர்க்கும் எனக்குப் பழக்கம். மொழி மாதிரிகள் முற்றிலும் புதியவை.

வீட்டில் இப்படி ஒன்றை ஓட்ட முடிகிறது என்பதே அண்மைக்காலத்துச் செய்தி. மெட்டா நிறுவனம் 2023 பிப்ரவரியில் லாமா என்ற மாதிரியை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அடுத்த மாதமே பல்கேரியாவைச் சேர்ந்த ஜியார்ஜி கெர்கனோவ் என்ற நிரலாளர், அதைச் சாதாரணக் கணினியிலும் ஓட்டக்கூடிய லாமா சிபிபி என்ற திறந்த மூல நிரலை வெளியிட்டார். நான் பயன்படுத்துவது அந்த நிரலோடு வரும் சர்வரைத்தான். இதன் உயிர்நாடி எடைகளை, அதாவது மாதிரி கற்றதைத் தாங்கி நிற்கும் எண்களை, சுருக்குவது. 800 கோடி எடைகள் கொண்ட ஒரு மாதிரியில் ஒவ்வோர் எடையையும் 16 பிட்டில் வைத்தால் 16 ஜிபி நினைவகம் வேண்டும். அவற்றை ஏறத்தாழ 4 பிட்டுக்குச் சுருக்கினால் 5 ஜிபிக்குள் அடங்கிவிடும். தரம் சற்றுக் குறைகிறது. ஆனால் சுருக்காத சிறிய மாதிரியைவிடச் சுருக்கிய பெரிய மாதிரியே என் வேலைக்கு நன்றாக வந்தது.

முதலில் வீட்டில் இருந்த பழைய கணினியிலேயே, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு கேள்வி கேட்டார்; பதில் வந்து முடிய ஒன்றரை நிமிடம் ஆயிற்று. பிராசஸர் பழையது என்பதால் மெதுவாக இருக்கிறது என்று நான் நினைத்தது தவறு. மாதிரி ஒவ்வொரு டோக்கனை, அதாவது ஒவ்வொரு சொல்துண்டை, வெளியிடும்போதும் தன் எடைகள் அனைத்தையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும். ஆகவே வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நினைவகத்திலிருந்து நொடிக்கு எத்தனை ஜிபி படிக்க முடிகிறது என்பதுதான். என் கணினியில் டிடிஆர்4 3200 வகை ரேம் ஒரே குச்சியாக இருந்தது; அதன் உச்சம் நொடிக்கு 25.6 ஜிபி. 5 ஜிபி மாதிரியை அதால் நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் படிக்கவே முடியாது. எனக்குக் கிடைத்தது மூன்றரை டோக்கன். அதே அளவில் இன்னொரு குச்சியை அடுத்த சேனலில், அதாவது நினைவகத்துக்கான இன்னொரு பாதையில், செருகியதும் வேகம் ஏறக்குறைய இரட்டித்தது. செலவு குறைந்த இந்த மாற்றத்தைச் செய்து பார்க்காமல் யாரும் புதிய கணினி வாங்கக் கூடாது என்பேன்.

பிறகு பெங்களூரு சதர் பத்ரப்பா சாலைக்குப் போய், 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழையதாகவே வாங்கி வந்தேன். எஸ்.பி. ரோடு என்று எல்லாரும் சொல்லும் அந்தத் தெருதான் கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குக் கணினி உதிரிப் பாகங்களின் சந்தை. அந்தக் கார்டின் நினைவகம் நொடிக்கு 360 ஜிபி படிக்கும். அதைப் பொருத்திய பிறகு எழுத்துகள் நாம் படிக்கும் வேகத்தைவிட விரைவாக வந்தன. கார்டு வாங்குவோர் அதன் புதுமையைப் பார்க்காமல் நினைவக அளவைப் பார்ப்பது நல்லது. மாதிரி முழுவதும் கார்டுக்குள் அடங்காவிட்டால், மிச்சம் ரேமில் நின்று, வேகம் மீண்டும் பழைய நிலையை நோக்கி இறங்கிவிடும். மாதிரியின் அளவை மட்டும் கணக்கிட்டாலும் போதாது. உரையாடலை நினைவில் வைக்கவும் இடம் வேண்டும். லாமா 3.1 இன் 800 கோடி எடை மாதிரியில் ஒவ்வொரு டோக்கனுக்கும் 128 கேபி தேவைப்படுகிறது. 8192 டோக்கன் நீள உரையாடலுக்கு அதுவே 1 ஜிபி ஆகிவிடும்.

இந்த டோக்கன் கணக்கில்தான் தமிழ் எழுதுவோர் முதல் அடியை வாங்குகிறோம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். அதிலும் உயிர்மெய் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு குறிகள். ‘கிருஷ்ணகிரி’ என்ற சொல்லில் க, இகரக் கொக்கி, ர, உகரக் குறி, ஷ, புள்ளி என்று பிரித்துக்கொண்டே போனால் 11 குறிகள், 33 பைட்டுகள். மாதிரியின் சொல்துண்டுப் பட்டியலில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்றால் நம் சொற்கள் எழுத்தாகவும், சில வேளைகளில் எழுத்தைவிடச் சிறிய பைட்டாகவும் சிதறிவிடுகின்றன. லாமா 2 இன் பட்டியலில் மொத்தமே 32,000 துண்டுகள். லாமா 3 இல் அது 1,28,000 ஆயிற்று. கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஜெம்மா 3 இல் 2,62,000. பட்டியல் பெரிதாகப் பெரிதாக, தமிழ்ச் சொல் குறைந்த துண்டுகளில் அடங்குகிறது. பதில் விரைவாக வருகிறது. அதே இடத்துக்குள் கூடுதலான நோட்டுப் பக்கங்களைக் கொடுக்க முடிகிறது. நான் இப்போது ஓட்டுவது ஜெம்மா 3 இன் 1200 கோடி எடை மாதிரி. 4 பிட்டுக்குச் சுருக்கிய பின் ஏறத்தாழ 7 ஜிபி. மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆங்கிலத் தேர்வுகளில் அது வாங்கிய மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, நம் சொந்தத் தமிழ்ப் பத்தி ஒன்றைக் கொடுத்து அது எத்தனை டோக்கனாக உடைகிறது என்று எண்ணிப் பார்ப்பது மிகவும் பயன்பட்டது. சர்வர் நிரலிலேயே அதற்கு வழி இருக்கிறது.

சர்வரை நிறுவுவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. உபுண்டு இயங்குதளம், கார்டுக்கான டிரைவர், லாமா சிபிபி, அது படிக்கும் ஜிஜியுஎஃப் வடிவில் ஒரு மாதிரிக் கோப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் முடிந்தது. கணினி துவங்கும்போதே சர்வரும் துவங்கும்படி, உபுண்டுவில் நிரல்களைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியில் பதிந்துவிட்டேன். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். இந்தச் சர்வர் இயல்பாக 8080 என்ற போர்ட்டில் (கணினியின் வாசல் எண்), அதே கணினிக்கு மட்டும் பதில் சொல்லும் வகையில் அமைந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் பயன்படுத்த வேண்டுமே என்று அதை எல்லாத் திசைக்கும் திறந்துவிட்டால், கடவுச்சொல் இல்லாத ஒரு கதவை நாமே திறந்து வைத்தது போலாகும். எனவே சர்வரை உள்ளேயே வைத்து, அதற்கு முன்னால் பைத்தானில் எழுதிய சிறிய நிரல் ஒன்றை நிறுத்தினேன். வீட்டு வைஃபைக்கு அந்த நிரல்தான் முகம். கடவுச்சொல் கேட்பதும், நோட்டுகளில் தேடுவதும், மாதிரியிடம் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அதன் வேலை.

ஓசூரில் இருக்கும்போதும் வீட்டுச் சர்வரை எட்ட வேண்டியிருந்தது. எங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் கொடுக்கிறது. ஆகவே ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியவில்லை. ஒரு வாரம் ரவுட்டர் அமைப்பையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்துவிட்டு, புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 மட்டும் வீட்டுக்கெனத் தனியாக வருகிறது என்பதைப் பிற்பாடு கவனித்தேன். அதன் வழியாக வயர்கார்டு என்ற நிரலால், வெளியாள் படிக்க முடியாத தனி இணைப்பு ஒன்றை அமைத்தேன். அறிமுகமில்லாத இடத்திலிருந்து வரும் தட்டலுக்கு வயர்கார்டு எந்தப் பதிலும் அனுப்பாது என்பதால், அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. இப்போது அக்கா பாலக்கோட்டிலிருந்தும் நான் ஓசூர் பேருந்திலிருந்தும் கேட்கிறோம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. அதை ஒரு தவறு வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். முதல் மாதங்களில் வேறொரு மாதிரியை வைத்து, கேள்விக்குத் தொடர்புடையவை என்று நிரல் எடுத்துத் தரும் பத்துக் குறிப்புகளைக் கொடுத்து, ‘இவற்றிலிருந்து மட்டும் பதில் சொல்’ என்று கட்டளை எழுதியிருந்தேன். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து, பூவில் சாம்பல் நோய் விழுந்தபோது அப்பா என்ன அடித்தார் என்று கேட்டார். சர்வர் ஒரு மருந்தின் பெயரையும் லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற அளவையும், நாளோடு சேர்த்து, அழகான தமிழில் சொன்னது. மாமா ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு அப்பாவிடம் அந்தப் பதிலைப் படித்துக் காட்டினேன். அவர், “இது என் எழுத்து இல்லையே, நான் அளவு எல்லாம் எழுதற ஆள் இல்லையே” என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தோம். ‘மருந்து அடிச்சாச்சு, கீழ்க்காடு 40 மரம்’ என்பதுதான் அந்த நாளின் முழுக் குறிப்பு. மருந்தின் பெயரும் அளவும் மாதிரி இட்டுக்கட்டியவை. மாமா மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டியில் பின்னால் போய்ச் சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா 21 வருடமாக, நடந்ததை மட்டும், நடந்த அன்றே எழுதி வந்திருக்கிறார். தெரியாததை அவர் ஒரு வரி எழுதியதில்லை. அவருடைய பெயரில், அவருடைய நாள் குறிப்போடு, அவர் எழுதாத ஒன்றை என் கணினி ஊராருக்குச் சொல்லியிருக்கிறது. மொழி மாதிரி என்பது அடுத்து வரத் தகுந்த சொல் எது என்று கணிப்பது. ‘மருந்து அடித்தோம்’ என்பதை அடுத்துப் பெயரும் அளவும் வருவது அது படித்த ஆயிரமாயிரம் பக்கங்களில் இயல்பு; ஆகவே அது எழுதிவிட்டது. சொல்லைத் தேர்வதில் எவ்வளவு தற்செயல் கலக்கலாம் என்பதைக் குறிக்கும் வெப்பநிலை என்ற அமைப்பைச் சுழியத்துக்கு இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்ததே தவிர, அதே பொய்தான் ஒவ்வொரு முறையும் வந்தது.

எனவே கட்டளையை மட்டும் நம்புவதை விட்டுவிட்டு, மாதிரிக்கு முன்னும் பின்னும் காவல் வைத்தேன். கேள்விக்கு நெருக்கமான குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்றால் மாதிரியை அழைப்பதே இல்லை. முன்னால் நிற்கும் நிரலே ‘நோட்டில் இல்லை’ என்று எழுதிவிடும். மாதிரி பதில் சொன்னால், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குறிப்பின் எண்ணைப் போட வேண்டும். அந்த எண் உண்மையிலேயே நாங்கள் கொடுத்த குறிப்புகளுள் ஒன்றுதானா, பதிலில் உள்ள இலக்கங்கள் அந்தக் குறிப்பில் இருக்கின்றனவா என்று நிரல் சரிபார்க்கும். ஒத்துவராவிட்டால் பதிலை வெளியிடாமல் மூலக் குறிப்புகளை மட்டும் காட்டும். மருந்து அளவு பற்றிய கேள்விக்கு, நோட்டில் என்ன இருந்தாலும், பதில் கிடையாது; பையூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ கேட்கும்படி ஒரு வரி மட்டும் வரும். எல்லாவற்றுக்கும் கீழே அந்த நோட்டுப் பக்கத்தின் படம் இருக்கும். அப்பா பதிலைப் பெரும்பாலும் படிப்பதே இல்லை. படத்தைப் பெரிதாக்கித் தம் கையெழுத்தைத்தான் படிக்கிறார்.

காவல் வைத்த பிறகு வேறொரு குறை தெரிந்தது. நோட்டில் நிச்சயமாக இருப்பவற்றுக்கும் ‘நோட்டில் இல்லை’ என்று வரத் தொடங்கியது. குற்றம் மாதிரியில் இல்லை, தேடலில் இருந்தது. தேடலுக்குப் பொருள் ஒப்புமை பார்க்கும் பிஜிஇ எம்3 என்ற பன்மொழி மாதிரியைப் பயன்படுத்துகிறேன். அது ஒவ்வொரு குறிப்பையும் 1024 எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஒரு குறிப்புக்கு 4 கேபி என்றால், தட்டச்சான 6,400 குறிப்புகளுக்கும் சேர்த்து 26 எம்பிதான். இதற்கென்று தனித் தரவுத்தள மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. தரவை ஒற்றைக் கோப்பிலேயே வைக்கும் எஸ்க்யூலைட்டில் போட்டு, கேள்வி வரும்போது எல்லாவற்றோடும் ஒப்பிட்டாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. கூடவே சொல்லை நேராகத் தேடும் பழைய முறையும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் ஏன் தவறுகிறது என்று பார்த்தபோது, முதல் ஐந்து நோட்டுகளில் இருப்பவைதான் அதிகமாகக் கிடைக்காமல் போகின்றன என்பது தெரிந்தது.

அந்த ஐந்தையும் 2009 இலேயே உறவினர் ஒருவர் தம் டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். பழைய எழுத்துருவில் இருந்ததை நான் யூனிகோடுக்கு மாற்றியிருந்தேன். மற்ற பதினைந்தையும் அக்கா கைபேசியில் தட்டச்சு செய்தார். திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். மாற்றி நிரல் இரண்டாகப் போட்டிருந்தது. அக்காவின் கைபேசி ஒன்றாகப் போட்டிருந்தது. கண்ணுக்கு ஒரே ‘கொள்ளு’. கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். பூ கொட்டியது, மொட்டு, தோட்டம், கொத்து, சோளம் என்று ஒகரமும் ஓகாரமும் இல்லாமல் ஒரு மாந்தோட்டத்தைப் பற்றி எழுத முடியுமா? ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும், யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒழுங்குமுறையில் எல்லாவற்றையும் ஒரு முறை போட்டதும் இது தீர்ந்தது. ஔகாரத்தில் மட்டும், சிறகுக் குறிக்குப் பதிலாக ளகர எழுத்தையே போட்டிருந்த இடங்களை அந்த ஒழுங்குமுறை திருத்தாது; அவற்றைக் கையால் திருத்தினேன். தமிழ்த் தரவோடு எந்த வேலை செய்பவரும் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். நான் ஏழு வாரம் கழித்துச் செய்தேன்.

அடுத்தது தேதி. மா பூப்பது மார்கழியிலும் தையிலும். எங்கள் கேள்விகளில் பாதி அந்த இரண்டு மாதங்களைப் பற்றியவை. அப்பாவின் நோட்டில் விஜய வருடம் என்றால் 2013 ஏப்ரலில் தொடங்குவது. ஆனால் அதன் தை மாதம் 2014 ஜனவரியில் வருகிறது. மாதிரி விஜய என்பதை 2013 என்று எடுத்துக்கொண்டு, தை 8 ஐ 2013 ஜனவரிக்குக் கொண்டுபோய் வைத்தது. அது உண்மையில் 2014 ஜனவரி 21. மார்கழியில் இன்னும் சிக்கல், ஏனென்றால் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே ஆங்கில வருடம் மாறிவிடுகிறது: மார்கழி 16 வரை ஒரு வருடம், 17 முதல் அடுத்தது. மாதப் பிறப்பும் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக விழும். இதை மாதிரிக்கு விளக்கிச் சொல்லிப் புரியவைக்க நான் செலவிட்ட நேரம் முழுவதும் வீண். பழைய நாட்காட்டிகளைப் பார்த்து, 22 வருடங்களுக்கு, மாதத்துக்கு ஒரு வரியாக 264 வரிகளில் ஒரு பட்டியல் தயாரித்தோம். இப்போது தேதியை மாற்றுவது பத்து வரிப் பைத்தான் நிரல். மாதிரியின் கையில் மாற்றிய தேதிதான் போய்ச் சேர்கிறது. கூட்டிக் கழித்துப் பெற வேண்டிய எதையும், குத்தகைப் பாக்கி உட்பட, இப்போது மாதிரியிடம் கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காமல் நின்றவை அப்பாவின் சொற்கள். ‘தத்துப்பூச்சி எந்தெந்த வருடம் அதிகம்’ என்று கேட்டால் மூன்று குறிப்புகள்தான் வந்தன. பத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று அப்பா உறுதியாகச் சொன்னார். உட்கார்ந்து பார்த்ததில், பெரும்பாலான இடங்களில் அவர் பூச்சியின் பெயரை எழுதவே இல்லை. ‘இலையெல்லாம் தேன் வடியுது’ என்று எழுதியிருந்தார். சில இடங்களில் ‘இலை கருத்துப்போச்சு’ என்று. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற கழிவை வெளியிடும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். தோட்டக்காரருக்கு மூன்றும் ஒரே செய்தி. ஒப்புமை பார்க்கும் மாதிரியோ ‘தேன் வடியுது’ என்பதை, வேலியோரத்துத் தேன்கூட்டை அழித்த குறிப்புக்கு அருகில் கொண்டுபோய் வைத்திருந்தது.

அதனால் இரண்டு மாதம், மாலை நேரங்களில், அப்பாவும் அக்காவும் நானும் சொல் பட்டியல் எழுதினோம். இடப் பெயர்கள் முதலில்: கீழ்க்காடு, மொட்டைப்பாறை மூலை, பெரியம்மா பங்கு. அடுத்து வேலைகள், பருவங்கள், நோய்கள். ‘சும்மா போச்சு’ என்று அவர் எழுதினால் அந்த மரம் அந்த வருடம் காய்க்கவில்லை என்று பொருள். மா ஒரு வருடம் நன்றாகக் காய்த்து மறு வருடம் ஓய்வது இயல்பாதலால் அந்தத் தொடர் நோட்டு நெடுக வருகிறது. அக்கா படித்துக் கேட்பார், அப்பா சொல்வார், நான் எழுதுவேன். சில சொற்களுக்கு அவர் உடனே விளக்கம் சொல்லாமல், தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினார். 143 வரிகள் வந்தன. இந்த முழு வேலையிலும் நான் மிகப் பெரிதாக மதிப்பது அந்தப் பட்டியலைத்தான். நாளை இதைவிடப் பல மடங்கு சிறந்த மாதிரி வரும். ஒரு கோப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் முடிந்தது. அப்பாவின் சொல் எதைக் குறிக்கிறது என்பது எந்த மாதிரிக்குள்ளும் இருக்கப்போவதில்லை. அதை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதியாக வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். சும்மா இருக்கும்போது என் கணினி 45 வாட் இழுக்கிறது. பதில் சொல்லும் சில நொடிகளில் மட்டும் 200 வாட்டைத் தாண்டுகிறது. நாள் முழுவதும் ஓடவிட்டால், சும்மா இருப்பதற்கே இரண்டு மாதத்தில் 64.8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், அதில் மூன்றில் இரண்டு பங்கை இது ஒன்றே தின்றுவிடும். மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை தானாக உறங்கும்படி வைத்ததும் அது 46 யூனிட்டாகக் குறைந்தது. மின்தடையைத் தாங்க வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தபோது கணினி அடிக்கடி அணைந்துபோனது. அந்த இன்வெர்ட்டரின் மின்னலை சைன் வடிவில் இல்லாததே காரணம். சைன் அலை தரும் சிறிய யுபிஎஸ் ஒன்றை மாற்றியதும் சரியாயிற்று. மின்சாரம் நீண்ட நேரம் போய்த் திரும்பி வந்தாலும், எஸ்எஸ்டியிலிருந்து மாதிரி மீண்டும் ஏறப் பதினைந்து நொடிதான். சித்திரை வெயிலில் பின்னறை காய்ந்ததால் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தேன். ராகித் தூசு காற்றாடியில் அடைவதால் மாதம் ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கோப்புகளின் நகலும் ஒரு வெளி வட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது.

சென்ற தையில் மீண்டும் வானம் மூடியது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்காவின் மகனிடம் அதே பழைய கேள்வியைச் சொன்னார், அவன் தட்டினான். விஜய வருடத்துப் பக்கத்தோடு, நாங்கள் அன்று கண்டுபிடிக்காத இன்னொரு பக்கமும் வந்தது: விளம்பி வருடம், மாசி 3. முதல் பூ மழையில் கொட்டியதையும், இரண்டாம் பூவுக்குக் காத்திருந்து மேல்காட்டை மட்டும் குத்தகைக்கு விட்டதையும் அதில் எழுதியிருந்தார். அந்தக் காத்திருப்பால் என்ன கிடைத்தது என்று அவன் அடுத்துக் கேட்டான். ‘நோட்டில் இல்லை’ என்று வந்தது. அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, அந்த வருடம் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் வைகாசி, ஆனி இரண்டும் எழுதாமல் விட்டுப்போயிற்று என்றார்; அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு காய் இறங்கிற்று என்று நினைவிலிருந்து சொல்லவும் தொடங்கினார். அதை அவர் சொன்ன நாளின் தேதியிட்டு, நினைவிலிருந்து சொன்னது என்று குறித்து, தனிக் குறிப்பாகச் சேர்த்தோம். சோபகிருது, குரோதி நோட்டுகள் இரண்டும் இன்னும் தட்டச்சாகவில்லை. அறுவடை முடிந்து ஆடியில் அக்கா வரும்போது தொடங்குவதாக இருக்கிறோம்.